நேரா நில்லு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் உடுமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் ஒரு பழைய மாணவி. இப்போது அவளுக்கே கல்லூரிக்குப் போகிற பையன் இருக்கிறான். "டீச்சர், உங்க பொண்ணு இங்கிலாந்துல என்னங்க பண்றா?" என்றாள்.

"பிசியோதெரபிஸ்ட்" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரிங்க டீச்சர்?"

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். பாயசம் நன்றாக இருக்கிறது, பையன் என்ன படிக்கிறான் என்று எதையாவது கேட்பேன். மூன்று வருடமாக அப்படித்தான். அன்றைக்கு மாற்றவில்லை. "ஆஸ்பத்திரி இல்லம்மா. நாய், குதிரை, பூனைக்கெல்லாம் பிசியோதெரபி பண்றா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. முதல் தடவை கேட்டபோது நான் நடந்துகொண்டதற்கு இவள் சிரித்தது எவ்வளவோ தேவலை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லச் சொல்ல என் கதையும் கொஞ்சம் வரும்.

மகள் கோவையில் பி.பி.டி. படித்தாள். நாலரை வருடம், கடைசி ஆறு மாதம் பயிற்சி. இரண்டு வருடம் இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணம் ஆகி இங்கிலாந்து போனாள். அங்கே பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அதையும் முடித்து ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்துவிட்டாள். நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அம்மா, மறுபடி படிக்கப் போறேன்."

"எம்.பி.டி.யா கண்ணு?"

"இல்லம்மா. வெட்டினரி பிசியோதெரபி."

எனக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னாள். புரிந்ததும் நான் கேட்டது இதுதான்: "உன்னை நாலரை வருசம் படிக்க வெச்சது நாய்க்குக் கால் பிடிச்சு விடறதுக்கா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அப்புச்சி மாட்டுக்குப் பண்ணலையா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அப்புச்சி என்றால் என் அப்பா. உடுமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. மகளுக்கு அப்போது எட்டு வயது, முழுப் பரீட்சை லீவுக்குப் போயிருந்தாள். அப்பாவிடம் ஒரு ஜெர்சி கலப்பு மாடு. மூன்றாவது கன்று போட்ட மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கன்று போட்டதும் பால் சுரக்க ஆரம்பித்தால் ரத்தத்தில் இருக்கும் கால்சியம் சட்டென்று குறைந்துவிடும், அதனால் மாடு படுத்துவிடும். கால்நடை டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். பெரும்பாலான மாடு சில மணி நேரத்தில் எழுந்துவிடுமாம். இது எழவில்லை. ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகக் கல்தரையில் கிடந்திருக்கிறது. அத்தனை எடையும் அடியில் மாட்டிய காலின் மேல். அந்தக் காலின் சதையும் நரம்பும் நசுங்கிப்போயிருந்தன.

"ஒரே பக்கம் படுக்க விடாதீங்க. கீழே வைக்கோல் கனமாப் போடுங்க. மாத்தி மாத்திப் பொரட்டிப் படுக்க வைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அப்பா நான்கு ராத்திரி கட்டுத்தரையிலேயே படுத்துக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்களை எழுப்பி மாட்டைப் புரட்டுவார். காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி விடுவார். ஐந்தாம் நாள் சாக்கைத் தைத்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து, விட்டத்தில் கயிறு போட்டுத் தூக்கிப் பிடித்தார்கள். மாடு நடுங்கிக்கொண்டே நின்றது. கால் மணி நேரம் நின்றது. மறுநாள் கயிறு இல்லாமலே எழுந்தது.

இதையெல்லாம் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எனக்கு அந்த வாரத்தில் நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் கொழுந்தனார் வீட்டுச் சீருக்கு அப்பா வரவில்லை, எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

சரி, படித்த கதைக்கு வருகிறேன்.

அவர்கள் இருப்பது ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில். பக்கத்திலேயே ஹார்ப்பர் ஆடம்ஸ் என்று ஒரு விவசாயப் பல்கலைக்கழகம். 1901-இல் கல்லூரியாக ஆரம்பித்தது. அங்கேதான் கால்நடை பிசியோதெரபியில் முதுநிலைப் படிப்பு படித்தாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத விசாவில் நான் போயிருந்த சமயம் அது. பகலில் வேலை, குழந்தை தூங்கின பிறகு சமையலறை மேஜையில் படிப்பு. நான் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு நாய் எலும்புக்கூடு நிற்கும்.

முப்பத்து நான்கு வருடம் கணக்கு எடுத்தவள் நான். எண் எங்கே தென்பட்டாலும் காது அங்கே போய்விடும். மனுஷனுக்குக் கழுத்தெலும்பு 7. நாய்க்கும் 7, குதிரைக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7. ஆனால் விலா எலும்பு சேர்கிற முதுகெலும்புகள் நமக்கு 12, நாய்க்கு 13, குதிரைக்கு 18. நம் தோளைத் தாங்குகிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையவே கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பால் இணைக்கப்படவில்லை, வெறும் சதையிலும் நாரிலும் தொங்குகிறது. குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். அது நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நகத்தின் மேல்.

"நீ ஏற்கெனவே பிசியோதெரபிஸ்ட்தானே, இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தேன். பதில் அந்த மேஜையிலேயே கிடைத்தது. எல்லாமே புதுசு. நாம் இரண்டு காலில் எடையைச் சரிபாதியாகப் போடுகிறோம். நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களிலும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களிலும் போடுகிறது. ஒரு கால் வலித்தால் மற்ற மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் சில சமயம் வலிக்கிற காலை விட்டுவிட்டு, பாரம் தாங்கிக் களைத்த கால்தான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு விஷயம். அந்த நாட்டில் 1966-இல் வந்த சட்டப்படி விலங்குக்கு நோய் இன்னதென்று சொல்லி வைத்தியம் பார்க்கும் உரிமை பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கு மட்டும்தான். அவர் பார்த்துவிட்டு, பிசியோதெரபி கொடுக்கலாம் என்று சொன்ன பிறகே இவள் தொட முடியும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெறும் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பதிவு இல்லாமல் போட்டுக்கொண்டால் குற்றம். 'வெட்டினரி பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தகுதி உள்ளவர்கள் தாங்களாகவே சங்கங்களிலும் பதிவேடுகளிலும் சேர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்படின்னா நாளைக்கே நான் ஒரு போர்டு மாட்டிக்கலாமா?" என்றேன்.

"மாட்டிக்கலாம்மா. அதனாலதான் ஒழுங்காப் படிச்சிருக்கணும்" என்றாள்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி. பக்கத்து வீட்டு நாய் ஊருக்குப் போயிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கம்பளத்தின் மேல் கையும் காலும் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். 63 வயதில்! தோளில் கை வைத்து லேசாக இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள், எடை எங்கே போகிறது என்று பார்த்தாள். மருமகன் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். "நல்ல பேஷண்ட்தாம்மா நீ. ஆனா ரொம்பப் பேசற" என்றாள்.

தேறிவிட்டாள். முதலில் வாரத்தில் இரண்டு நாள் விலங்கு, மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிறகு முழுக்க இதுவே. நான் ஊருக்கு வந்து, கேட்டவர்களிடமெல்லாம் பாதி பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மறுபடி போனேன். இந்தத் தடவை பேரன் பள்ளிக்கூடம் போய்விடுகிறான், பகலில் எனக்கு வேலையில்லை. வளர்ப்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மகள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். நான் ஓர் ஓரமாக நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் நாள் ஒரு குதிரைப் பண்ணை. குதிரையை முன்னும் பின்னும் நடக்கவிட்டாள், பிறகு ஓடவிட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. "தலையைப் பாரும்மா" என்றாள். வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது தாழும். பாரத்தை வலிக்கிற காலிலிருந்து எடுக்க அது தலையையே தூக்குகிறது. சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குதிரையின் முகத்தைப் பார்த்து வலிக்கு மார்க் போடுவதற்கே ஓர் அளவுகோல் இருக்கிறதாம், 2014-இல் வெளியானது. காது பின்னால் விறைத்திருக்கிறதா, கண் சுருங்கியிருக்கிறதா, தாடைச் சதை இறுகியிருக்கிறதா, மூக்கு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வாய் பேசாத ஜீவன் என்கிறோம். அது பேசிக்கொண்டேதான் இருக்கிறது.

இரண்டாம் வாரம் ஒரு லாப்ரடார். பின்னங்கால் முட்டியில் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மகளின் பையிலிருந்து நம் ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானி போலவே ஒன்று வந்தது, அதற்கு இரண்டு நீளக் கைகள். முட்டி எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நீள்கிறது என்று அளந்து எழுதினாள். பிறகு, வீட்டில் நாம் ஏறி எடை பார்க்கிறோமே, அந்தச் சாதாரண மெஷின் இரண்டை எடுத்தாள். நாயின் இடது பின்னங்கால் ஒன்றின் மேல், வலது பின்னங்கால் மற்றதன் மேல். இடதில் 8 கிலோ. வலதில் 3.

பார்ப்பதற்கு நாய் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. மெஷின்தான் உண்மையைச் சொன்னது.

அதன் பிறகு அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டார்கள். கீழே டிரெட்மில், வெதுவெதுப்பான தண்ணீர். இடுப்பு மட்டம் வரை தண்ணீர் நின்றால் நாய் தன் எடையில் சுமார் 38 சதவீதத்தை மட்டும் தாங்கினால் போதும். முட்டி மட்டம் வரை என்றால் 85. வாரா வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து காலுக்குப் பாரத்தைப் பழக்குவார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் நான் அதை ரசிக்கும் நிலையில் இல்லை. அந்த 8, 3 என் மனதில் வேறெங்கோ போய்விட்டது.

1994-95. எட்டாம் வகுப்பு பி பிரிவு. கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒரு பையன். கணக்கு சுமாராகப் போடுவான். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நேராக நிற்க மாட்டான். இடது காலில் சாய்ந்து, ஒரு கையை மேஜையில் ஊன்றி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி நிற்பான். பிரேயரிலும் அப்படித்தான். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. "நேரா நில்லு" என்பேன். நிற்பான். இரண்டு நிமிடத்தில் மறுபடி சாய்ந்துவிடுவான். ஒருநாள் மர ஸ்கேலால் வலது முட்டிக்குக் கீழே இரண்டு தட்டு தட்டி, "இந்தக் கால் எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. அப்பாவோடு கோவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்றார்கள். இடுப்பில் தொடை எலும்பின் பந்து நழுவியிருந்ததாம். வளர்கிற வயதுப் பையன்களுக்கு வரும் கோளாறு. பல மாதமாக வலி இருந்திருக்கிறது. வலி இடுப்பில் தெரியாமல் முட்டியில் தெரிந்ததால் வீட்டில் விளையாடி இடித்துக்கொண்டான் என்று தைலம் தடவியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்து, அடுத்த வருடம் வந்து சேர்ந்தான். ஒரு கால் கொஞ்சம் குட்டை.

நான் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். யாருக்குத் தெரியும், எல்லா டீச்சரும்தான் அதட்டினார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருடம் மறந்தும் போயிருந்தேன். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு நாய் எடை மெஷினில் ஏறி நின்று அதை ஞாபகப்படுத்தியது.

அன்றைக்கு மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள்தான் டாஃபி. நீள முதுகு, குட்டைக் கால் டாஷண்ட், ஆறு வயது. அந்த இனத்தின் குட்டைக் காலுக்குக் காரணமான மரபே முதுகு ஜவ்வையும் சின்ன வயதிலேயே கெட்டிப்படுத்திவிடுகிறது. ஐந்தில் ஒரு டாஷண்டுக்காவது ஆயுளில் ஒருமுறை ஜவ்வு விலகும். டாஃபிக்கு விலகி, தண்டுவடத்தை அழுத்தி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். கால் விரலை இடுக்கியால் அழுத்தினால் அது திரும்பிப் பார்க்கிறதா என்பதுதான் அங்கே பெரிய பரீட்சை. அந்த ஆழ்ந்த வலி தெரிந்தால் பெரும்பாலானவை நடந்துவிடும். தெரியாவிட்டால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். டாஃபி திரும்பிப் பார்த்தது, ஆனால் யோசித்துவிட்டுத்தான் பார்த்தது.

வளர்ப்பவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி இரண்டு வருடம். வீட்டில் அவரும் டாஃபியும்தான். "நடக்குமா?" என்று கேட்டார்.

"அதை இப்போ என்னால சொல்ல முடியாது. அடுத்த நாலு வாரத்துல நாம என்ன செய்யலாம்னு சொல்றேன்" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. நடக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன? காரில் கேட்டேன். "நடக்கலைன்னா, அவர் சரியாச் செய்யாததாலதான் நடக்கலைன்னு நெனச்சுப்பாரும்மா" என்றாள்.

ஒரு தாளில் வீட்டுப்பாடம் எழுதிக்கொடுத்திருந்தாள். வயிற்றுக்கடியில் துண்டு போட்டுத் தாங்கி நிற்க வைப்பது. மடங்கிக் கிடக்கும் பாதத்தைத் திருப்பி நேராக ஊன்ற வைப்பது. விரல் நடுவில் சீண்டி காலை உள்ளே இழுக்க வைப்பது. சைக்கிள் மிதிப்பது போலக் காலைச் சுழற்றுவது. இப்படி ஆறு பயிற்சி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. செய்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தாளை நீட்டினார். ஒரு கட்டம் விடாமல் டிக். நான் ஓரத்தில் இருந்தே பார்த்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். முப்பத்து நான்கு வருடம் இந்த டிக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! தமிழில் மெதுவாக, "கண்ணு, இது ஒரே நாள்ல உக்காந்து போட்டது" என்றேன்.

அவள் திரும்பாமலேயே, "தெரியும்மா. தொடைச் சுத்தளவு குறைஞ்சிருக்கு" என்றாள். டேப் கையில் இருந்தது.

இப்போது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டாஃபியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்த ஆறுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. முதல் நாள் பயிற்சி கொடுக்கத் தரையில் இறங்கியவர் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. அதற்கப்புறம் பயம். சொல்ல வெட்கம். டாஃபிக்குச் சிறுநீர் தானாகப் போகாது, வயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும். அதை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாளுக்கு நான்கு தடவை தவறாமல் செய்திருக்கிறார்.

மகள் எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஹாலில் ஓர் அகலமான குட்டை மேஜை இருந்தது. அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். மேலே வழுக்காத ரப்பர் மேட் விரித்தாள். எதிரில் ஒரு நாற்காலி. "இனிமே தரைக்கு எறங்கவே வேண்டாம். இங்க உக்காந்தே செய்யுங்க. ஒரு கை எப்பவும் அவன் மேலயே இருக்கட்டும், குதிச்சுடப் போறான்." ஆறு பயிற்சியை மூன்றாகக் குறைத்தாள். அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெரிய கை டாஃபியின் சின்னப் பாதத்தைத் திருப்பி வைத்ததைப் பார்த்தபோது எனக்கு என் அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

காரில், "பொய் டிக் போட்டதுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றேன்.

"திட்டினா அடுத்த வாரம் இன்னும் அழகா டிக் போட்டுக் கொண்டு வருவாரும்மா" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. எத்தனை நோட்டில் எத்தனை அழகான டிக்குகளை வாங்கியிருப்பேன் நான்!

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே மாதம் ஒரு வயதான ஆல்சேஷன், பின்னங்கால் இரண்டும் ஓய்ந்து, மூச்சும் திணறி, இனி வேண்டாம் என்று டாக்டரும் வீட்டுக்காரர்களும் முடிவெடுத்தார்கள். மகள் எட்டு மாதமாகப் பார்த்துவந்த நாய். வீட்டுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நாய்க்குக் கால் பிடிச்சு விடறதுக்கா" என்று கேட்ட வாய்தான் என்னுடையது.

டாஃபி? நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் போனோம். ஹாலில் மேஜை அங்கேயே இருந்தது. தாளில் டிக் எல்லாம் வேறு வேறு பேனாவில், சில நாள் காலி. காலிக் கட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வழுக்காத விரிப்பின் மேல் டாஃபியை நிறுத்தினார்கள். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, குடித்தவன் போல, நடந்தது. நான் எண்ணினேன். பதினொரு எட்டு. பன்னிரண்டாவதில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து விரலைக் காட்டி எண்ணிக்கை சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் அதுதான் முழு உரையாடல்.

ஊருக்கு வந்து இறங்கிய மறு வாரம், அந்த எட்டாம் வகுப்புப் பையனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது திருப்பூரில் சொந்தமாகப் பனியன் தைக்கிற யூனிட் வைத்திருக்கிறான். போனில் பேச வேண்டாம் என்று நேரிலேயே போனேன். நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, எனக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தான். வலது செருப்பின் அடி மட்டும் உயரமாக இருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்காது என்று ஆரம்பித்தேன்.

"ஞாபகம் இருக்குங்க டீச்சர்" என்றான்.

பிறகு, "நீங்க மட்டும் இல்லீங்க. எல்லாருந்தான் சொன்னாங்க. எங்கப்பாவும்தான். ஆனா ஒருத்தரும் வலிக்குதாடான்னு கேக்கலீங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான்.

"உக்காருப்பா" என்றேன். உட்கார்ந்தான். டீ வந்தது. குடித்தோம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் போடாம எழுதுங்க டீச்சர் என்றான். போடவில்லை.

வீட்டில் நாய் வளர்க்கிறவர்களுக்கு மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வயதான நாய் படி ஏறத் தயங்கினால், உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டால், எழும்போது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு எழுந்தால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன பிறகே பயிற்சி எல்லாம். நம் வீட்டு டைல்ஸ் தரை வலிக்கிற காலுக்கு எதிரி. நாய் நடக்கிற வழியில் ஒரு ரப்பர் மேட் போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். எடை ஏறவிடாதீர்கள். நமக்குப் போடுகிற வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும்.

இன்னும் வகுப்பில் நிற்கிற என் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று உண்டு. அதை நான் சொல்வதைவிட அந்தத் திருப்பூர்ப் பையன் சொன்னதே போதும்.

இனிமேல் யார் கேட்டாலும் முழு பதிலையே சொல்வேன். என் மகள் இங்கிலாந்தில் கால்நடை பிசியோதெரபிஸ்ட். முறையாகப் படித்துத் தேறியவள். அவளுக்கு முதல் பாடம் எடுத்தது, கட்டுத்தரையில் நான்கு ராத்திரி படுத்துக் கிடந்த என் அப்பா.

உங்கள் வீட்டு டாஃபிகள் நலமா? கீழே எழுதுங்கள். கல்யாணத்தில் சிரித்த மாணவியே, நீயும் படிப்பாய் என்று தெரியும். கோபமில்லை கண்ணு. வீட்டுக்கு வா, அந்தப் பதினொரு எட்டையும் வீடியோவில் காட்டுகிறேன்.